ஷீலா தட்டும் சுவிட்ச்

டாப் கியருக்கும் மேலே இன்னொரு கியர்போல விழுந்து என்ஜினை இளைப்பாறவிடும் ஓவர்டிரைவுக்குக் கரண்ட் போகும் வயரைத் தன் கையாலேயே கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டுத்தான் பாஸ்கர் வண்டியை எடுத்தார். ஆனாலும் விஷ்ராந்த்வாடி தாண்டி ஆளந்தி ரோட்டில் டாப் கியர் போட்டதும், என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்து வண்டி மெத்தென்று ஓட ஆரம்பித்தது. ஓவர்டிரைவ் விழுந்துவிட்டது. கரண்டே இல்லாமல் எப்படி விழும்?

"வால்வு ஒட்டிக்கிச்சாட்ட இருக்கு" என்றார், பக்கத்தில் இருந்த மகள் தேஜஸ்வினியிடம். பொய். வால்வைக் காலையில்தான் கழுவி மாட்டினார். ஆயிலும் சரியாகவே இருந்தது.

அந்தப் பழைய இங்கிலீஷ் காரில் ஓவர்டிரைவ் சுவிட்ச் டாஷ்போர்டின் நடுவில். அவர் கிளட்ச்சை லேசாக மிதித்தால் போதும், ஷீலா தட்டிவிடுவாள். சொல்லவே வேண்டாம், கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அவள் அஸ்தியை இந்திராயணி ஆற்றில் கரைத்த பிறகு, பாவி மனுஷன், ஒரு தடவைகூட அந்தச் சுவிட்சைத் தொடவில்லை.

சாயங்கால மழையில் நனைந்த ரெக்சின் வாசனை, சூடேறிய கியர் ஆயில் நெடி, அதற்கும் அடியில் ஷீலாவுக்கு ஆஸ்பத்திரியில் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை.

டக். சுவிட்ச் மேலே போனது. கீழே வந்தது.

"அப்பா, நான் தொடவே இல்ல." தேஜுவின் கைகள் மடியில்தான் இருந்தன.

அவருக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. "வந்துட்டியா ஷீலா?" அடப்பாவமே, அந்தக் குரலில்தான் எவ்வளவு சந்தோஷம்!

ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. ஆற்றுக்கு இறங்கும் சரிவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. பிரேக். சக்கரங்கள் வழுக்கின. எதிரே வெள்ளம். தேஜு கதவை இடித்தாள். திறக்கவில்லை. தண்ணீர் பம்பரைத் தொட்டது.

"அப்பா, ரிவர்ஸ்! ப்ளீஸ்!"

ஓவர்டிரைவ் விழுந்திருக்கும்போது ரிவர்ஸ் போடவே கூடாது. உள்ளே எல்லாம் சுக்குநூறாகிவிடும். உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

மகளின் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோ ஷீலா."

ரிவர்ஸ்.

மடேரென்று முறிந்தது. வண்டி பின்னால் துள்ளிக் கரையேறி அணைந்தது. கதவு திறந்துகொண்டது. தேஜு அலறிக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

பாஸ்கர் அசையவில்லை. காலுக்கடியில் ஏதோ பிறாண்டியது. கியர் லீவரைச் சுற்றியிருந்த ரப்பரைக் கிழித்துக்கொண்டு விரல்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஒடிந்து, ஆயில் சொட்டச் சொட்ட, அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"ஏனுங்க" என்றாள். "வலிக்குதுங்க."