உப்பளத்துக் கண்ணு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மயக்கவியல் மாமேதை, மூன்று கண்டங்களின் போர்முகாம்களில் வலி தீர்த்த கருணைக்கடல், நாலாயிரம் மருத்துவர்களை வார்த்தெடுத்த பேராசான், டாக்டர் கோ. பாலகுரு அவர்கள் தமது முப்பதாயிரமாவது நோயாளியை மயக்கித் தெளிவித்த வரலாற்றுச் சாதனையைப் போற்றும் பாராட்டுப் பெருவிழா, மரக்காணம் உப்பளக் கரையில், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நடைபெறும். முப்பதாயிரம் பேரில் ஒருவர்கூட அறுவை நடக்கும்போது விழித்ததில்லை என்பதை உலகம் அறியும். அனைவரும் வருக. மதிய உணவு உண்டு.

கடைசி வரியை நம்பித்தான் கூட்டம் வந்திருந்தது.

நோட்டீஸை எழுதியவர் பாலகுருவேதான். 'கருணைக்கடல்' கொஞ்சம் அதிகமோ என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, முதலில் போட்டிருந்த 'கருணைப் பெருங்கடல்' என்பதில் 'பெருங்' என்பதை மட்டும் அடக்கத்துடன் எடுத்திருந்தார்.

மேடையில் மூன்றாவது மாலை விழுந்தபோதுதான் அதைக் கவனித்தார். இடது கண் கசிந்தது. ஒரே ஒரு சொட்டு. துடைத்தார். நாலு மூச்சு இடைவெளி விட்டு இன்னொரு சொட்டு. எரிச்சல் இல்லை, உறுத்தல் இல்லை, தூசு விழவில்லை. வலது கண் காய்ந்து கிடந்தது. இடது கண் மட்டும் தனக்கென்று ஏதோ காரணம் வைத்திருப்பதுபோல நிதானமாக அழுதது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அருள்மொழி குனிந்தாள். அவருடைய பழைய மாணவி. இப்போது ஒரு கல்லூரியில் மயக்கவியல் துறைத் தலைவி.

"சார், கண்ணுல தண்ணி வருது."

"உப்புக் காத்தும்மா. நான் நடத்துன பாடம் மறந்துடுச்சா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கண் கசிந்தது.

சாமியானாவுக்கு வெளியே பாத்திகள் அடிவானம் வரை சதுரம் சதுரமாகக் கிடந்தன. வரப்போரம் குவித்திருந்த உப்பு, வெயிலை வாங்கிச் சலித்துத் துப்புவதுபோல நேரே மேடையின் முகத்தில் வீசியது. சேற்றின் புளித்த நாற்றமும், சூடேறிய பிளாஸ்டிக் நாற்காலியின் நாற்றமும், வாடத் தொடங்கிய சம்பங்கி மாலையின் நாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. எங்கோ கடைசிப் பாத்தியில் உப்புநீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் டொப்... டொப்... என்று, மேடைப் பேச்சு எதையும் மதிக்காமல், ஆபரேஷன் தியேட்டரில் இதயத்துடிப்பை எண்ணும் மானிட்டரைப்போல ஒலித்துக்கொண்டிருந்தது.

மைக்கில் சர்ஜன் கலியமூர்த்தி. "புயல் அடிச்சுப் போட்ட ஊரு. கரண்டு இல்ல, கூரை இல்ல. பள்ளிக்கூடத்துல பெஞ்சைச் சேத்துப் போட்டு நாங்க ஆபரேஷன் பண்ணோம். பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான் வெட்டுனேன், குரு தூங்க வச்சாரு. ஒருத்தர் முழிக்கலியே!"

கைத்தட்டல். அந்தக் கைத்தட்டலில் சேராத இரண்டு கைகளைப் பாலகுரு பார்த்தார்.

மூன்றாவது வரிசை. கறுத்த, மெலிந்த பெண். கைகள் மடியில். கழுத்தின் குறுக்கே, நகத்தால் கீறியதுபோல ஒரு வெளிறிய கோடு. சுற்றிலும் எல்லாரும் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அசையாமல் அவருடைய இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தோணியம்மாள். உப்பு வாரும் கூலி. கழுத்துக் கட்டி. அந்தப் புயல் முகாமின் இரண்டாம் நாள், ஏழாவது கேஸ்.

பெயரை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

உடலை அசையவிடாமல் செய்யும் மருந்து ஒன்று. நினைவைத் தூங்க வைக்கும் மருந்து வேறொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் மயக்கம். அன்றைக்கு முதலாவது சரியாக இறங்கியிருந்தது. இரண்டாவதன் புட்டி காலி. கலியமூர்த்தி கழுத்தைத் திறந்து இருபது நிமிஷம் ஆன பிறகுதான் பாலகுரு அதைப் பார்த்தார். அப்போது மாணவியாக இருந்த அருள்மொழி கேட்டாள்: "சார், பேஷண்ட் கண்ணு கசியுதே? முழிச்சிருக்காங்களா?" கண்ணீர் என்பது அபாய அறிகுறி என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வெளிநாட்டு நிருபர் ஒருவர் கேமராவோடு வாசலில் நின்றிருந்தார். பாலகுரு புட்டியை ஓசைப்படாமல் நிரப்பினார். அப்புறம் சொன்னார்: "உப்பளத்துக் கண்ணு எப்பவும் கசியும்மா. இவங்ககிட்ட அதைக் கணக்குல எடுக்கக்கூடாது." இமைகளை மூடிப் பிளாஸ்திரி ஒட்டினார்.

மறுநாள் அந்தோணியம்மாள் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கத்தி போன வழி. உள்ளே இழுத்த இழுப்பு. "உப்பளத்துக் கண்ணுன்னு ஐயா சொன்னாரு." பாலகுரு கேஸ் சீட்டில் எழுதினார்: 'மருந்தின் பின் பிரமை.'

பொய் அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் கோழைத்தனம். பாலகுரு பேராசிரியர் அல்லவா? அதற்கு ஒரு ஸ்லைடு செய்தார். 'பாலகுரு கண்ணீர் விதி': உப்பளத்துக் கண் கசிந்தால் கணக்கில் எடுக்காதே. பன்னிரண்டு வருஷமாக நாலு மாநிலங்களில் பாடம்.

"இப்ப நம்ம ஹீரோ பேசுவாரு!" என்றார் கலியமூர்த்தி.

எழுந்திருக்க நினைத்தார். இமைகள் இறங்கின.

தூக்கம் இல்லை. தூக்கத்தின் கனம் வேறு; அதை அவரைவிட அறிந்தவர் யார்? இது வெறும் தசை. முழுதும் மூடாமல், பாதியில் நின்றன. அந்த இடுக்கின் வழியே மூன்றாவது வரிசை தெளிவாகத் தெரிந்தது.

முதலில் இமை. பிறகு தாடை. பிறகு கழுத்து, கை, கால். கடைசியில்தான் மூச்சு. அசைவை நிறுத்தும் மருந்து இறங்கும் வரிசை; மாணவர்களை அவர் ஒப்பிக்கவைப்பது. யாரும் அவருக்கு ஊசி போடவில்லை. காலையிலிருந்து குடித்தது ஒரு டம்ளர் மோர்.

தாடை தொங்கியது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்றது மைக். மறுபடி கைத்தட்டல்.

தலை மார்பில் சாய்ந்தது. மாலைக்குள் மூக்கு. சம்பங்கி வாடை. கை மடியிலிருந்து நழுவியது. அவர் விரலை அழைத்தார். விரல் வரவில்லை. கத்தினார். உள்ளேதான். டொப்... டொப்... இன்ஜின் மட்டும் பதில் சொன்னது.

நாற்காலியிலிருந்து சரிந்தபோது முழங்கை மேடையில் மோதியது. வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவரைத் தூக்கி, பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேசைமேல் கிடத்தினார்கள். அருள்மொழி மார்பைத் தட்டினாள், காதில் கத்தினாள், நகத்தில் பேனாவை வைத்து அழுத்தினாள். அம்மா! என்று உள்ளே அலறினார். வெளியே அசைவில்லை.

"நினைவே இல்ல சார். நாடி இருக்கு. மூச்சு நின்னுக்கினே வருது."

"தொண்டையில ட்யூப் போடு!" என்று கத்தினார் கலியமூர்த்தி.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பாலகுரு அறக்கட்டளை சார்பில் அன்று காலையில்தான் ஒரு பெட்டி நன்கொடை தரப்பட்டிருந்தது. பெட்டியைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர். அருள்மொழி திறந்தாள். தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் கருவியில் பல்பு எரியவில்லை. மூச்சுப் பை இருந்தது, முகத்தில் வைக்கும் மூடி இல்லை. போட்டோவுக்கு அவ்வளவு போதும் என்று சொன்னது பாலகுருதான். கத்தி மட்டும் புதுசு. பளபளவென்று.

"நேரமில்ல. கழுத்துல ஓட்டை போட்டுடறேன்" என்றார் கலியமூர்த்தி.

"மரத்துப்போற ஊசி?"

"எதுக்கு? நினைவுதான் இல்லன்னியே."

இருக்குது. இருக்குதுடா. கலி. இருக்கேன்டா.

இடது கண்ணிலிருந்து சொட்டு இறங்கியது. அருள்மொழி குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் மிக அருகே. ஒரு கணம் அவள் நெற்றி சுருங்கியது. பார். நல்லா பாரும்மா. முதல் வருஷப் பாடம்.

"கண்ணு கசியுது சார்."

"அவரே சொல்லிருக்காரே. உப்பளம்."

"ஆமா" என்றாள். நெற்றி நேரானது.

அப்போது இடுக்கின் ஓரத்தில் அந்தக் கழுத்து வந்து நின்றது. வெளிறிய கோடு. அந்தோணியம்மாள் குனிந்தாள். பார்த்தாள். வேறு யாரும் பார்க்காத இடத்தில் பார்த்தாள். அவளுக்கு வழி தெரியும்.

"இவுரு முழிச்சிக்கினு இருக்காருங்க" என்றாள். கரகரத்த, உடைந்த குரல்.

"நகருங்கம்மா."

"உள்ள இருந்து கத்தறாரும்மா. எனக்குத் தெரியும்."

"அது பிரமைம்மா. பயத்துல அப்படித் தோணும்." அருள்மொழி அன்பாகத்தான் சொன்னாள். நோயாளியிடம் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதும் பாலகுருவின் பாடத்தில் உண்டு.

சொல்லு. இன்னொரு தடவை சொல்லு. தாயே.

அந்தோணியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. பாத்தியில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்கிற பார்வை.

"நானும் ஒரு தபாதாங்க சொன்னேன்" என்றாள் அவரிடம். "அவ்ளோதான்."

முந்தானை நுனியால் அவருடைய இடது கண்ணைத் துடைத்தாள். போய்விட்டாள்.

அருள்மொழியின் விரல்கள் இமைகளை முழுதாக மூடின. பிளாஸ்திரி கிழியும் சத்தம். ஒன்று. இன்னொன்று. இருட்டு.

டொப். டொப்.

கழுத்தில் ஸ்பிரிட். சில்லென்று. ஒரு விரல் குரல்வளையைத் தடவி, இடம் பார்த்து, நின்றது. கத்தியின் உறை கிழிந்தது.

டொப்.

பிளாஸ்திரிக்கு அடியில் கண் நிரம்பியது. வழிய இடமில்லை.

கத்தி இறங்கியது.

பந்தலுக்குப் பின்னால் பந்தி தொடங்கியிருந்தது. சாம்பாரில் உப்பு கம்மி என்று யாரோ சொன்னார்கள்.