காத்திருப்புக்குக் கூலி

வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டது. சீர்த்தட்டில் பழம், பட்டுப்பாவாடை, நடுவில் குட்டித் தங்கக் கம்மல்... எல்லாம் தயார். மருமகள் நாகஜோதி மட்டும் பழைய சேலையோடு, கையில் செல்போனைப் பிடித்தபடி நின்றாள்.

"எம் பேத்திக்குக் காதுகுத்து! மாமன் பொண்டாட்டி வரமாட்டாளாம்! எம் மக ராஜாத்தி சபையில யாரு மூஞ்சியில முழிப்பா?" மாமியார் சுருளியம்மாளின் குரல் தெருமுனை வரை கேட்டது.

"லாரி எப்ப வரும்னு தெரியல அத்தை... கூப்பிட்டவொடனே நிக்கணும். இல்லேன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாக."

ராயப்பன்பட்டித் திராட்சை ஷெட்டில் பெட்டி போடும் பெண்களுக்கு மணிக்கணக்கில்தான் கூலி. கேரளா லாரி வந்ததும் மேனேஜர் சுந்தர்ராஜ் கூப்பிடுவார். அதுவரை ஊரைத் தாண்டக் கூடாது, போனை அணைக்கக் கூடாது.

"வீட்ல உக்காந்தபடியே சம்பளம் வாங்குறவளுக்கு ஒரு நாள் விட்டுக்குடுக்க மனசில்லயே! அம்புட்டும் ஒங்காத்தா வீட்டுக்குத்தான போகுது?"

நாகஜோதிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உட்கார்ந்திருப்பதற்குச் சல்லிக்காசு கிடையாது என்று அவள் வீட்டில் சொன்னதே இல்லை. சொன்னால் அன்றைக்கே வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சபையில் கணவன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டாமா?

போன் அலறியது. சுருளியம்மாள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏப்பா மேனேஜரு! இன்னக்கி அவ வரமாட்டா. காத்திருக்கதுக்குக் குடுக்கிற சம்பளத்தப் பிடிச்சுக்க!"

ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "காத்திருக்கதுக்கு எவம்மா காசு குடுப்பான்? வேலை செஞ்சாத்தான் கூலி. லாரி நிக்கிது, சீக்கிரம் அனுப்புங்க!"

நாகஜோதியின் கணவன் ஈஸ்வரபாண்டி தலைகுனிந்தபடி முன்னால் வந்தான்.

"ஆத்தா... அந்தக் கம்மல் நான் வாங்கினதில்ல. அவ சீட்டுக் கட்டி வாங்கினது. ஒங்கிட்ட எம்பேரச் சொல்லச் சொன்னா. காத்திருக்கதுக்குக் காசில்லன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்!"

"அடிப்பாவி மகளே!" கிழவி மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒன்னய என்னென்ன பேசிட்டேன்..."

அழுகை அடங்குமுன்னே கோபம் பொங்கிவிட்டது. போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஏலே! போன வருசம் அவ அப்பனுக்கு மேலுக்குச் சொகமில்லாதப்பக்கூட ஒன் போனுக்குப் பயந்துக்கிட்டு இங்கனயே கெடந்தாளேடா! காசு குடுக்காத நேரம் ஒன் நேரமில்ல, எம் மருமக நேரம்! ஏறுத்தா வேன்ல!"

வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுப் பூமாரியும் அதே ஷெட்தான். "அப்ப எம் போனு இன்னக்கி ஆஃபு, மதினி! மத்தவளுககிட்டயும் சொல்லிர்றேன்!" என்று தெருவில் ஓடினாள்.

பண்ணைப்புரம் கோயிலில் மாமன் மடியில் குழந்தை. பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டேந்தி நாகஜோதி வந்தபோது ராஜாத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போது பார்த்து சுருளியம்மாள் கையிலிருந்த போன் மறுபடியும் அலறியது!

"அம்மா... ஒருத்தியும் போனை எடுக்கல. காத்திருக்கிற நேரத்துக்கும் இனிமே பாதிக் கூலி போட்டுத் தர்றதா மொதலாளி எல்லாருக்கும் ஆளனுப்பிச் சொல்லிட்டாக. மத்தவுக வர்றாக. நாகஜோதிய மட்டும் கொஞ்சம்..." சுந்தர்ராஜின் குரல் குழைந்தது.

நாகஜோதி பரபரப்போடு மாமியாரைப் பார்த்தாள். சுருளியம்மாள் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வருவாப்பா. காது குத்தி, கம்மல் போட்டு, எம் மருமக வயிறாரச் சாப்பிட்டுட்டு வருவா. அதுவரைக்கும் நீ காத்திரு!"