மரத்த மோவாய்

மீன் குழம்பு மோவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கும்வரை ஆக்சிலியாவுக்குத் தெரியவில்லை. மகள் பெனிட்டா துடைத்துவிட்டபோது அவள் விரல் அசைவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, தொட்ட உணர்வே வரவில்லை. கீழுதட்டில் பாதி மரத்துப்போயிருந்தது.

பல் தொந்தரவாகத்தான் இருக்கும் என்றார் கணவர் சிலுவைராஜ். மறுநாள் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் ஃபெர்ரி பிடித்து அக்கரையில் பல் டாக்டரிடம் போனாள். முன்பு பெரிய வியாதி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். ஊசி எடுத்துவைத்துக்கொண்டிருந்த பெண், பெனிட்டாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் அத்தை மகள். இந்தத் தீவில் இக்கரையில் தும்மினால் அக்கரையில் மருந்து வாங்குவார்கள். நான்கு வருடத்துக்கு முன் கடல் தாண்டி மெயின்லேண்டில் புற்றுக்காக ஆக்சிலியாவின் இடது மார்பை எடுத்ததை, மாப்பிள்ளை வீட்டாரிடம் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். டாக்டர் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்.

குழி ஆறவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும் சாயங்காலங்களில், படகுத்துறையிலிருந்து வரும் ஃபெர்ரியின் சங்கொலியும் காயாத வலைகளின் நாற்றமும் வீட்டை நிறைத்திருக்க, அவள் வாய்க்குள்ளிருந்தே இன்னொரு வாடை எழுந்து மூக்கில் ஏறியது. துருப்பிடித்த இரும்பும் கெட்டுப்போன இறைச்சியும் கலந்த வாடை. நாக்கால் குழியைத் தடவினாள். முதலில் பள்ளமாக இருந்தது. ஒரு வாரத்தில் நிரம்பியது. பிறகு மேடானது. மெத்தென்று. வெதுவெதுப்பாக. மெல்லும்போது காதுக்குள் நறநறவென்று சத்தம். மெல்லாதபோதும் கேட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மார்பில் இருந்தது போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

சிலுவைராஜிடம் சொன்னாள். அவர் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏளா, கோயில்ல மூணு கல்யாண ஓலையும் வாசிச்சாச்சு. கல்யாணம் முடியட்டும். பிறகு கப்பலேறுவோம்."

"உங்ககிட்ட தேதி கேட்டா அது வளருது?"

பயமாகத்தான் இருந்தது. கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு மார்பைக் கொடுத்தாகிவிட்டது. உயிரையும் கொடுக்க அவள் தயாராக இல்லை.

அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டார் சேலையும் பலகாரமுமாக வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா செலின், சம்பந்தி ஒன்றும் தொடவில்லையே என்று சிரித்தபடி முறுக்குத் தட்டை நீட்டினாள். ஆக்சிலியா எழுந்து நின்றாள். சிலுவைராஜ் கண்ணால் கெஞ்சினார்.

"சம்பந்தி, பித்தப்பைக் கல்லுன்னு சொன்னது பொய். எனக்கு கேன்சர். இப்ப தாடைக்கு வந்திருக்கு. ஜல்தி மெயின்லேண்ட் போகணும். இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிருங்க. ஊருக்குப் பயந்து ஒளிஞ்சு நான்..."

டக்.

காய்ந்த விறகு முறிந்ததுபோல. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

வலியில்லை. கொஞ்சமும் இல்லை. செலின் கையிலிருந்து தட்டு விழுந்தது. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் ஆக்சிலியாவின் முகத்தின் கீழ்ப்பாதியையே பார்த்தார்கள். அவள் தடவிப் பார்த்தாள். தாடை ஒருபக்கமாக இறங்கியிருந்தது. தோல்தான் பிடித்துக்கொண்டிருந்தது. வாய் மூடவில்லை. கடைவாயில் கருஞ்சிவப்பாக ஒரு சதை. ஈரமாக. உதடு வரைக்கும் வந்திருந்தது.



இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். விரலிடுக்கில் இரத்தம் வழிய, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.