பழைய டிஸ்க்கில் இருந்த கண்கள்

ஓடாமல் கிடந்து ஒரு வாரமான கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எப்படிச் சுடும்? ஸ்க்ரூவைக் கழற்றி அதை வெளியே எடுத்த வைகுண்டராஜ், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி அது உள்ளங்கையில் சுட்டதும் சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை பிடித்த சாயங்காலம். அவருடைய போட்டோ ஸ்டுடியோவுக்கு வெளியே சாக்கடை நிறைந்து ஓடும் சத்தம், உள்ளே ஈரத் திரைச்சீலையின் புழுங்கல் வாடை, அதற்கும் மேலே வாடிய சம்பங்கி மாலையின் வாசம். கடையில் மாலை எதுவும் கிடையாது. பழசென்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தி ஒயரைச் செருகினார்.

அவர் செய்த பாவமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாத பெரியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. ஆதார் படத்தைப் பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் செத்த பிறகு செல்போனில் ஒன்று எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். கண் மூடியிருக்கும். அஞ்சலி போஸ்டருக்கோ திறந்திருக்க வேண்டும். வேறு யாருடைய கண்ணையாவது வெட்டி ஒட்டுவதுதான் தொழில். வைகுண்டராஜ் ஒட்டியது, ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் யுவராணியின் கண்ணை. அவள் கல்யாணப் படத்தில் அது அவ்வளவு தெளிவு. தளவாய்புரத்துக்காரர்கள், எங்கம்மா உசுரோட பார்க்கிற மாதிரியே இருக்கு என்று அழுதபோது பூரித்துப்போனார். அந்த மாதம்தான் யுவராணிக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. டாக்டர்கள் கோளாறே இல்லை என்றார்கள். ஒவ்வொரு போஸ்டருக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் மங்கியது. அவருக்குப் புரிந்தது. புரிந்தும், பழைய கம்ப்யூட்டர் பழுதாவதற்கு முந்தின நாள்கூட ஒன்று ஒட்டினார்.

இன்றைக்கு அத்தனையையும் அழித்துவிடத்தான் உட்கார்ந்தார்.

டிஸ்க்கில் இருந்த கல்யாண ஆல்பத்தைத் திறந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற யுவராணி எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தாள்.

அஞ்சலி ஃபோல்டரைத் திறந்தார். திரை நிறையச் செத்தவர்கள். எல்லோருக்கும் அவள் கண். நாற்காலியை நகர்த்தினார். கண்களும் நகர்ந்தன.

போன் அடித்தது. யுவராணி.

"அப்பா, ஒரு வாரமா ஒண்ணுமே தெரியல. பயந்துருவீகன்னு சொல்லல. இப்ப உங்க மூஞ்சி மட்டும் தெரியுது. கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுருக்கீக. ஏம்ப்பா அழுறீக?"

மானிட்டரை அணைத்தார்.

"போயிட்டுப்பா. இருட்டு."

போட்டார்.

"இப்ப தெரியுது."

அழிக்க வந்த விரல் மடங்கியது. "நான் எங்கயும் போகல தாயி," என்றார். "இங்கனயேதான் இருப்பேன்."

வெளியே இடி. தெருவே இருண்டது. கரண்ட் போய்விட்டது. மேசைக்கடியில் யூபிஎஸ் கூவத் தொடங்கியது. செத்த நேரம்தான் தாங்கும்.

"அது என்னப்பா சத்தம்?"

திரையில் இருந்த அத்தனை கண்களும் மேசைக்கடியில் தேடின. பிறகு, மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தன.