தட்டாமல் வந்த அதிர்வு

காலை பதினொன்றே காலுக்கு வரைதாளின் மேல் பேனா துள்ளியது. இருதயமேரி தேநீர் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு அது துள்ளியிருக்கக் கூடாது.

திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றை அறைக் கட்டடம்தான் அவள் வேலைபார்க்கும் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம். விழுப்புரத்திலிருந்து தினமும் வந்து, மாலைவரை தனியாக உட்கார்ந்திருப்பாள். செயற்கைக்கோள் கடக்கும்போது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் ஒரு ரேடியோத் துடிப்பை விடும். அங்கிருக்கும் மின்னேறிய வாயுவான பிளாஸ்மா, தட்டிய வெண்கலச் செம்புபோல, கண் இமைப்பதற்குள் அதிர்ந்து அடங்கும். அது இங்கே ஒலிபெருக்கியில் ‘ணங்’ என்று கேட்கும்; பேனா அதை வரையும். ஆறு வருடமாகப் பகலில் அவளுக்கு இருந்த பேச்சுத்துணை பெரும்பாலும் அந்தச் சத்தம்தான்.

மெட்ராஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அதிகாரி கோதண்டபாணி எடுத்தார்.

“சார், அதிர்வு வந்துகினே இருக்குது.”

“எப்படிம்மா வரும்? மேல டிரான்ஸ்மிட்டரை நேத்தே நிறுத்தியாச்சு. இப்ப அது தட்டுறதே இல்ல.”

“அடங்கவும் மாட்டேங்குது சார்.”

லைன் அறுந்திருந்தது.

பதினொன்றரைக்குச் செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சூடேறிய கம்பிகளின் வாசனையும் ஜன்னல் வழியே வந்த ஈர மண் வாசனையும் கலந்து மூச்சை அடைக்க, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். பதினொன்றரை ஆயிற்று. சத்தம் நிற்கவில்லை.

ரேடியோ ரிசீவரை அணைத்தாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். பேனா நின்றது. மின்விசிறி நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் இருந்தது. டம்ளர்த் தேநீரில், வட்டம் வட்டமாக. அவள் கடைவாய்ப் பல்லில்.

யாராவது வேண்டும். மனிதக் குரல் ஒன்று வேண்டும். கதவைத் திறந்து ஓடினாள்.

கொல்லையில் பத்துப் பெண்கள் காலையிலிருந்து மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் நின்றவள் வீரம்மாள். மதியத்தில் தண்ணீர் கேட்டு வந்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள்.

“அக்கா! உங்களுக்குக் கேக்குதா?”

வீரம்மாள் திரும்பவில்லை. எவளும் திரும்பவில்லை. பிடுங்கிய செடி கையில். வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. பத்து முகங்களும் வானத்தைப் பார்த்திருந்தன. உச்சி வெயில். ஒரு கண்ணும் இமைக்கவில்லை.

வீரம்மாளின் தோளைத் தொட்டாள். தோலுக்கு அடியில் அதிர்ந்தது.

பத்து வாய்களும் திறந்திருந்தன. பத்திலிருந்தும் அந்த ஒரே ஒலி வந்தது. நீளமாக. இடைவெளியே இல்லாமல்.

ஒருத்தியும் மூச்சு வாங்கவில்லை.