ஐந்தாவது ஆணி

பலகையில் ஆறு ஆணிகள் இருந்தன. ஐந்தாவதில் மட்டும் எண் பொறித்த பித்தளைப் பில்லை இல்லை.

உள்ளே வந்ததுமே ஹெலனின் கண்ணில் அது பட்டது. பொம்மசந்திராவில் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் சரக்கு சரிபார்க்கும் வேலை. தட்டில் ஒரு குழி காலியாக இருந்தால் அவள் கண் தானாக அங்கே போய் நிற்கும். தகரக் கொட்டகைக்குள் பெட்ரோலும் பூஞ்சையும் கலந்த நாற்றம் அடித்தது. பலகைக்குக் கீழே ஆறு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. வாரநாள் என்பதால் காலையிலிருந்து யாருமே வரவில்லை, நீங்கள்தான் முதல் ஆட்கள் என்று ஜெட் ஸ்கீ என்ற தண்ணீர் வண்டிகளின் கைடு சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்தாம் எண் ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூஞ்ச ஏன் அப்படி வெச்சிருக்க? இன்னா, பயமா?" என்றாள் சோனியா.

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜாக்கெட் நாத்தம் அடிக்குது."

பயம்தான். ஹெலனுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அடுத்த மாதம் சோனியாவுக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒருநாள் நாம் ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போகலாம் என்று தங்கை கெஞ்சியபோது, மல்லேஸ்வரத்தில் தோசை, ஒரு சினிமா என்றுதான் இவள் கணக்குப் போட்டாள். அது ஆனேக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியில் வந்து முடிந்தது. அம்மா போனபோது சோனியாவுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் சேர்த்தது, காய்ச்சலுக்கு ராத்திரி முழித்தது எல்லாம் ஹெலன். அந்தப் பெண் ஏழு மணிக்குள் நீலசந்திரா வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா ஆண்டனி இவளிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

கைடின் பெயர் ஞானசேகரன். ஐம்பது வயதிருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். ஹெலன் பலகையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கேஜிஎஃப்பா மேடம் நீங்க?" என்று கேட்டார்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"இங்க வர்றவங்க தண்ணியப் பார்ப்பாங்க. பில்லையப் பார்க்கறது நம்மாளுங்க மட்டும்தான். எங்கப்பாவும் அங்க தங்கச் சுரங்கத்துல இருந்தவர். கீழ போறப்ப பில்லைய எடுத்துனு போவாங்க, மேல வந்ததும் அவனவன் ஆணில மாட்டிடுவான். ஒண்ணு குறைஞ்சா தேடப் போவாங்க. பலகை நெறஞ்சிட்டா யாரும் தேட மாட்டாங்க. இங்கயும் நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"அஞ்சாம் நம்பர் எங்க?"

அவர் சுருள் கயிறுகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறினார். "அது இன்னும் வரல" என்றார்.

தண்ணீரில் விழுந்து தொலைந்திருக்கும் என்று ஹெலன் நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் பாடம் நடத்தத் தொடங்கியதால் கேட்கவும் தோன்றவில்லை.

ஞானசேகரனுக்கு ஒன்றாம் பில்லை. ரவிக்குமார், வீணா என்று ஒரு புது ஜோடி வந்திருந்தது. ஒரே வண்டியில் போகிற அவர்களுக்கு இரண்டும் மூன்றும். சோனியாவுக்கு நான்கு. ஹெலனுக்கு ஆறு.

"இந்தச் சுருள் கயிறு உங்க மணிக்கட்டுல ஒரு முனை, வண்டில ஒரு முனை. நீங்க விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், என்ஜின் நின்னுடும். என்ஜின் ஓடுதுன்னா ஆளு மேல இருக்குன்னு அர்த்தம். பயந்துட்டு வேகம் குடுக்கற இந்த த்ராட்டில விட்டுடாதீங்க. த்ராட்டில் இல்லாம ஹேண்டில எவ்ளோ திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேரா போய் பாறைல மோதும். ஆபத்துன்னா விசில், மூணு வாட்டி. நான் கை தூக்கினா எல்லாரும் இடது கைய நேரா தூக்கணும், எண்ணுவேன். அம்பது அடி இடம் விட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். முன்னாடி போற வண்டிய மட்டும் பாருங்க."

"பின்னாடி பார்த்தா?" என்று வீணா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பார்க்காதீங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

படகுத்துறைப் பலகையில் இறங்கும்போது சோனியா தன் பில்லையை நீட்டினாள். "அக்கா, எனக்குப் பாக்கெட் இல்ல. ஜாக்கெட் ஜிப்பும் போயிடுச்சி. நீ வெச்சிக்கோ."

ஹெலன் தயங்கினாள். ஒருத்தன் பில்லையை இன்னொருத்தன் தொடக்கூடாது என்பது சுரங்கத்தில் இருந்த அப்பா வீட்டில் வேதவாக்கு. அடுத்தவன் பில்லையை மாட்டுவது, இல்லாத ஆளை இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்வதற்குச் சமம் என்பார். ரேஷன் கடைப் பை, பஸ் டிக்கெட் எதற்கும் இந்தக் கதையைத்தான் இழுப்பார், கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. சோனியா அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹெலன் பில்லையை வாங்கித் தன் ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

பித்தளை இரண்டும் உள்ளே உரசிக்கொண்டன.

குவாரி கரையிலிருந்து பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று பக்கமும் வெட்டிய கருங்கல் சுவர், அதில் வெடிமருந்துக்குத் துளைபோட்ட தடம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கி அப்படியே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. எவ்வளவு ஆழம் என்று காட்டிக்கொள்ளாத ஒரு நிறம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவள் காலை மட்டுமா விட்டாள், தங்கையையும் சேர்த்தல்லவா விட்டிருக்கிறாள் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. என்ஜின்களின் அலறல் சுவரில் மோதித் திரும்பி, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று தெரியாமல் காதை அடைத்தது. முகத்தில் தெறித்த நீரில் ஊறிப்போன துணியின் வாடை இருந்தது.

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. ஞானசேகரன் வேகத்தைக் குறைத்துத் திரும்பி, கையைத் தூக்கினார். ரவிக்குமார் தூக்கினான். வீணா தூக்கினாள். சோனியா கையைத் தூக்கி ஆட்டவும் ஆட்டினாள். ஹெலனும் தூக்கினாள். கைடின் உதடுகள் அசைவது அவளுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சோனியாவுக்கும் இவளுக்கும் நடுவே வெறும் தண்ணீர் இருந்த இடத்தில் அவர் பார்வை ஒரு நொடி நின்றது. உதடு அசைந்தது. பிறகுதான் இவளிடம் வந்தது.

ஆறு.

தன் எண் ஆறு, அதனால் ஆறு என்றிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறெப்படி இருக்கும்?

மறுபடி கிளம்பினார்கள். முன்னாடி போகிற வண்டியை மட்டும் பார் என்று சொன்னதால் ஹெலன் சோனியாவின் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். ஆரஞ்சு ஜாக்கெட்டில் வெள்ளை நான்கு, காற்றில் பறக்கும் பின்னல், வண்டிக்குப் பின்னால் தண்ணீரைக் கிழித்து நீளும் நுரைத் தடம். தொழிற்சாலையில் பழகிய கண் சும்மா இருக்கவில்லை, அது எண்ணத் தொடங்கியது.

நுரைத் தடம் இரண்டு இருந்தது.

ஒன்று சோனியாவின் வண்டியிலிருந்து வந்தது. இன்னொன்று அதற்குப் பின்னால், இருபதடி தள்ளி, எதிலிருந்தும் வராமல் தண்ணீரில் தானாகத் தொடங்கியது. வண்டி இல்லை. ஆள் இல்லை. சோனியா வளைந்தால் அதுவும் வளைந்தது. அவள் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. அலை ஹெலனின் வண்டியைத் தூக்கிப் போட்டது; ஒரு வண்டியின் அலைக்குப் பின் இன்னொரு வண்டியின் அலை. கத்தினாள். "சோனி! ஏய் சோனி!" என்ஜின் சத்தம் அதை அப்படியே விழுங்கியது.

இருபதடி பதினைந்தானது.

எதிரே சுவரில் ஒரு வெட்டு தெரிந்தது. பெரிய குழியிலிருந்து சின்னக் குழிக்குப் போகும் வழி, ஒரு லாரி போகும் அகலம். உள்ளே வெளிச்சம் இல்லை. ஞானசேகரன் நுழைந்து மறைந்தார். புது ஜோடி நுழைந்தது. சோனியா நுழைந்தாள். நுரை பின்தொடர்ந்தது. இப்போது பத்தடி.

அப்போது சோனியா திரும்பிப் பார்த்தாள்.

அக்காவைத்தான் பார்க்கத் திரும்பினாள். பார்வை அக்காவரை வரவில்லை. நடுவிலேயே நின்றது. அந்த முகத்தை ஹெலன் பார்த்தாள். ஆறு வயதில், அம்மாவைப் பெட்டியில் வைத்தபோது பார்த்த முகம். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஹெலனின் கை த்ராட்டிலை விட்டுவிட்டது.

ஹேண்டிலைத் திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. நேராகப் போனது. பாறை. தோள் உரசியது. நீர் கண்ணை மூடியது. வாயில் துணி வாடை. எதுவோ பக்கத்தில் கடந்து போனது. பெரியதாக. நிதானமாக.

கண்ணைத் திறந்தபோது வெட்டு காலியாக இருந்தது. தண்ணீர் சுவரில் சளப் சளப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. த்ராட்டிலை மறுபடி பிடித்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள்.

சோனியாவின் வண்டி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஆள் நேராக உட்கார்ந்திருந்தது. என்ஜின் ஓடுகிறது, ஆள் இருக்கிறது. ஹெலன் வாய்விட்டு அழுதாள். மாதாவுக்கு நன்றி சொன்னாள். முதுகு நனைந்து பின்னல் எண்ணை மறைத்து ஒட்டியிருந்தது. ஞானசேகரன் கையைத் தூக்கியதும் அந்த இடது கை நேராக எழுந்தது. இந்தத் தடவை அது ஆடவில்லை.

சின்னக் குழியைச் சுற்றி, அந்த வெட்டு வழியாகவே திரும்பினார்கள். நடுவில் எதையும் ஹெலன் எண்ணவில்லை. கரை, கரை, கரை என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஜிப்பைத் திறந்து பில்லைகளை எடுத்தாள். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. ஆறை ஆறில் மாட்டினாள். நான்கை நான்கில் மாட்டினாள். ஒழிந்தது சனியன், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. ரவிக்குமாரும் வீணாவும் தங்களுடையதை மாட்டிவிட்டுக் காரை நோக்கிப் போனார்கள். கடைசியாக ஞானசேகரன் வந்து ஒன்றை மாட்டினார். மாட்டிய கை அப்படியே நின்றது.

"அஞ்ச யாரு மாட்டினது?"

ஐந்தாவது ஆணியில் பில்லை ஆடிக்கொண்டிருந்தது. பச்சைக் களிம்பு ஏறிய, பாசி பிடித்த பில்லை.

"நான் ரெண்டுதான் மாட்டினேன்" என்றாள் ஹெலன். "என்னுது, என் தங்கச்சிது."

"தங்கச்சிது நீங்களா மாட்டினீங்க?" அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அவங்க மாட்டலயா?"

கொட்டகை மூலையில் பெஞ்சு இருந்தது. இவர்களுக்கு முதுகைக் காட்டி அங்கே ஆள் உட்கார்ந்திருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கி, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பின்னல் தோளிலிருந்து மெல்ல வழுக்கி முன்பக்கம் விழுந்தது. பின்னல் இருந்த இடத்தில் வெள்ளை எண் தெரிந்தது.

ஐந்து.

தண்ணீர்ப் பக்கமிருந்து விசில் கேட்டது. மூன்று முறை. வெட்டுக்குள்ளிருந்து. நின்றது. மறுபடி மூன்று முறை.

"அது சோனியா" என்றாள் ஹெலன். "அது என் சோனியா. வண்டிய எடுங்க. சார், வண்டிய எடுங்க!"

ஞானசேகரன் தண்ணீரைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் எத்தனையோ நாள் தூங்காத மனிதனுக்குத் தூக்கம் வந்தது போன்ற ஒரு தளர்ச்சி. "பலகை நெறஞ்சிடுச்சி மேடம்" என்றார். "எல்லாரும் வந்துட்டாங்க." சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு, கேட்டைப் பூட்ட நடந்தார்.

ஹெலன் நான்காம் பில்லையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகம் பிய்ந்தது. ஆணியோடு ஒட்டி வார்த்தது போல இருந்தது. விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினாள்.

தூரத்தில், வெட்டின் வாயில், தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. இடது கை. சொல்லிக்கொடுத்தபடி நேராகத் தூக்கிய கை. எண்ணுவதற்காகக் காத்திருந்தது.

"சோனி! வரேன்டி! அக்கா வரேன்!"

இரண்டடி ஓடினாள். மூன்றாவது அடியில் மணிக்கட்டு பின்னால் வெட்டி இழுத்தது. சுருள் கயிற்றை அவள் கழற்ற மறந்திருந்தாள். அது விறைத்து நீண்டு பின்னால் போனது. அதன் மறுமுனைக் கொக்கி ஒரு ஈர ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டியிருந்தது.

"போலாம்க்கா" என்றது சோனியாவின் குரல், காதருகே. துணி வாடை அடித்தது. "அப்பா ஏழு மணிக்குள்ள வரச் சொன்னாரு."

விசில் மூன்று முறை ஒலித்தது. கயிறு அவளைக் கரைக்கு இழுத்துக்கொண்டு நடந்தது. கேட்டைத் தாண்டும்போது ஹெலன் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.