புதன்கிழமை விருந்தாளி

காலை ஆறரைக்குச் சுவர் தன் இயந்திரக் கைகளை நீட்டிப் பொற்கலையைக் குளிப்பாட்டியது. துவட்டி, மருந்து ஊட்டி, தலைவாரி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. செவ்வாய்க் கோளின் செம்புலக் குடியிருப்பில் நடமாட முடியாத முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அந்நேரம் அதே பணிவிடைதான். அங்கே யாருக்கும் படுக்கைப் புண் வந்ததே இல்லை.

சுரங்கம் சரிந்து பொற்கலை கால்களை இழந்தபோது வயது நாற்பத்தெட்டு. அதன் பிறகு நான்கு ஆண்டுகளாக ஒரு மனிதக் கை அவள்மேல் படவில்லை.

பராமரிப்புத் திட்டக் குழுவில் பயனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடம் பொற்கலைக்கு வாய்த்தது. மற்ற எட்டு உறுப்பினர்களும் கூட்டத்துக்குத் தங்கள் பதிலுருக்களைத்தான் அனுப்புவார்கள். முகம், குரல், பேசும் பாங்கு எல்லாம் உரியவரைப் போலவே இருக்கும். கழுத்தில் ஒளிரும் பச்சைப் புள்ளி மட்டுமே அவை இயந்திரம் என்று காட்டிக்கொடுக்கும்.

"எல்லாம் நல்லாத்தான் செய்யறீங்க. வாரத்துக்கு அரை மணி நேரம் யாராச்சும் வந்து பேசிட்டுப் போகட்டும். மெஷின் வேணாம், மனுஷங்க வரணும்" என்றாள் பொற்கலை.

தலைவர் தணிகைவேலனின் பதிலுரு யோசித்தது. "பேசறதால என்ன பலன்னு எப்படிம்மா அளக்கறது?"

"வந்துட்டுப் போகட்டும். அப்புறம் என்கிட்டக் கேளுங்க."

மூன்று மாதச் சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. முதலில் பொற்கலை வீட்டில் மட்டும். அங்கே ஒரு சந்திப்பு தவறினாலும் திட்டம் எல்லாருக்கும் ரத்து.

முதல் புதன்கிழமை அவள் பூமியிலிருந்து கொண்டுவந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். வந்தவள் நசீமா, நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை, முப்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் பொற்கலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொற்கலைக்கு உடம்பு சிலிர்த்தது.

"எப்படி இருக்கீங்கக்கா?"

பொற்கலை வாயைத் திறப்பதற்குள் நசீமாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "மனுஷங்ககிட்டப் பேசி ஒரு வருஷம் ஆச்சுக்கா. வேலை செய்யற இடத்துல சுத்தி எல்லாம் பதிலுருதான்." கணவன் பூமிக்குத் திரும்பியது, அவன் கடிதம் நின்றது என்று அரை மணி நேரம் அவளே பேசினாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

நான்கு ஆண்டுகளாகப் பொற்கலை சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. என் வீட்டுக்கு வந்து இவ அழுதுட்டுப் போறா, எனக்கு யார் இருக்கா என்று நினைத்துக்கொண்டாள். வர வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. முந்நூற்றுப் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள்.

உறுப்பினர் என்பதால் அவளுக்கும் ஒரு பதிலுரு உண்டு. வீட்டுச் சுவர் கேட்டுச் சேர்த்துவைத்த அவளுடைய தனிமைப் பேச்சிலிருந்து செய்தது. நான்காம் புதனன்று அதை முதன்முறையாக உறை பிரித்தாள். சுவரின் கைகளைக் கொண்டு அதைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அதன் கால்களை மடக்கிப் போர்வையால் மூடி, கழுத்துப் புள்ளி தெரியாதபடி முந்தானையை இழுத்துவிட்டாள். தன்னை உள்ளறைப் படுக்கையில் கிடத்தச் சொல்லி, பக்கத்திலிருந்த கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று ஒருநாள் மட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நசீமா வந்தாள். வழக்கம்போல் ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

"மூணு வாரமா நானே பேசிட்டிருக்கேன், பாருங்க. மன்னிச்சுக்கோங்கக்கா. இன்னிக்கு நீங்க சொல்லுங்க. அன்னிக்குச் சுரங்கத்துல என்ன ஆச்சு?"

பொற்கலை படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

பதிலுரு சொல்லத் தொடங்கியது. பாறை உறுமிய சத்தம், இருட்டில் பக்கத்தில் கிடந்தவன் தண்ணீர் கேட்டது, அவன் பேச்சு நின்றபோது தான் எண்ணத் தொடங்கிய எண்கள். ஒன்றுவிடாமல், அவள் ஒத்திகை பார்த்திருந்த அதே சொற்களில். நசீமா விம்மும் சத்தம் கேட்டது. பொற்கலை கதவிடுக்கில் பார்த்தாள். நசீமா அதன் இரு கைகளையும் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாய் திறந்தாள் பொற்கலை. கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் முகம் என்னவாகும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"இவ்வளவையும் மனசுலயே வச்சிருந்தீங்களா?" என்றாள் நசீமா எழுந்தபடி. "அடுத்த வாரம் சீக்கிரமே வந்துடறேன். வரட்டுமாக்கா?"

"வாம்மா," என்றது நாற்காலியிலிருந்து பொற்கலையின் குரல். "நான் எங்க போகப்போறேன்?"